அட்வான்ஸில் கழித்துக்கொண்ட பணத்தை மீட்பது எப்படி: தமிழ்நாட்டு வாடகைதாரருக்கு முழு வழிகாட்டி

வீட்டைக் காலி செய்யும் அன்று, படிக்கட்டில் நின்றபடியே கணக்கு முடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். சாமான் ஏற்றிய வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். வீட்டுக்காரர் துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதி நீட்டுவார். அந்த அவசரத்தில் மனிதர் எதற்கும் தலையாட்டிவிடுவார். நானும் ஆட்டியிருக்கிறேன்.

என் கணக்கு இது. மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் ஆறு மாதத்துக்கு 90,000. சீட்டில் இருந்தவை: பெயிண்ட் 15,000, சுத்தம் செய்ய 3,500, கீசர் 6,000, கரண்ட் பில் 2,000. கழித்தது 26,500, கைக்கு வந்தது 63,500. அந்த 26,500இல் நான் உண்மையில் தர வேண்டியிருந்தது 1,490 ரூபாய்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் பலரோடு உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலானோர் தவறுவது சட்டத்தில் அல்ல, வரிசையில். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் மாத வாடகைக்கு இருக்கும் குடியிருப்புகளுக்கு. மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் ஒத்தி அல்லது லீஸ் வீடு வேறு விவகாரம். அதை இதோடு குழப்ப வேண்டாம். பெங்களூரிலோ புதுச்சேரியிலோ வீடு என்றால் அந்தந்த மாநிலச் சட்டம்தான் பொருந்தும்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, வாடகை கட்டிய பதிவுகள், குடிவந்த நாளில் எடுத்த படங்கள் ஏதாவது இருந்தால் அவை, வீட்டுக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல். இவ்வளவுதான் வேண்டும்.

அட்வான்ஸைப் பணமாகக் கையில் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் நிறைய. அவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். அட்வான்ஸ் தொகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதுவும் இல்லையென்றால், சண்டை தொடங்கும் முன்பே, சுமுகமாக இருக்கும் நாளில், "அடுத்த மாதம் காலி செய்கிறோம், அட்வான்ஸ் 90,000 எப்போது வாங்கிக்கொள்ளலாம்?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். "வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் தொகையை அவர் ஒப்புக்கொண்டதாகிறது.

செய்திகளின் படத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, பழைய போனைக் கொடுத்துப் புதிது வாங்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் ஒன்று வேண்டும். செய்திகள் மூலக் கருவியிலேயே இருந்தால் அந்த வேலை எளிதாகும்.

2. சட்டத்தில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான்

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. அட்வான்ஸ் பற்றிப் பேசுவது அதன் 11ஆம் பிரிவு.

அது சொல்வது இரண்டு. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

முதல் வரியைப் பிடித்துக்கொண்டு, "மூன்று மாதம்தான் சட்டம், நீங்கள் ஆறு மாதம் வாங்கியதே தப்பு" என்று வாதாடப் போகிறவர்களைத் தடுத்திருக்கிறேன். ஆறு மாதம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அந்த வாதம் அங்கேயே செத்துவிடும். உங்களுக்கு உதவுவது இரண்டாவது வரி.

அதிலும் "ஒரு மாதம்" என்பதைக் கவனியுங்கள். "புது ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர் பொய் சொல்வதில்லை. உங்கள் பணத்தை அவர் எப்போதோ செலவு செய்திருப்பார். ஆனால் புது ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சட்டத்தில் முடிச்சு கிடையாது.

3. ஒப்பந்தத்தைப் படியுங்கள், பதிவாகியிருக்கிறதா பாருங்கள்

பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. 2017 சட்டம் காலத்தைப் பார்ப்பதில்லை: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது.

பதிவாகாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாக நீட்டினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தாக்கும். வங்கிப் பதிவுகளும் செய்திகளும் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஒப்பந்தம் தள்ளாடினாலும், 90,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போனது தள்ளாடாது.

படிக்கும்போது தேட வேண்டிய வரிகள்: காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பெயிண்ட் செலவு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா, குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று இருக்கிறதா. இந்த மூன்றில்தான் அவர் பிடி இருக்கும். அதை அவர் வாயால் கேட்பதற்கு முன் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இடையில் வீடு கைமாறியிருந்தால், அட்வான்ஸ் புது உரிமையாளரிடம் சேர்ந்துவிட்டது என்று ஓர் எழுத்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் பழையவர் "வீட்டோடு கொடுத்துவிட்டேன்" என்பார், புதியவர் "எனக்கு வரவில்லை" என்பார்.

4. காலி செய்வதை எழுத்தில் சொல்லுங்கள்

மாடிப்படியில் பார்த்தபோது வாயால் சொன்னது அறிவிப்பு ஆகாது. ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு முன், எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள் என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். ஒரு மாதக் கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதை அந்தத் தேதிதான் காட்டும். "நோட்டீஸ் கொடுக்கவில்லை" என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் வழியும் அடைபடும்.

கடைசி மாத வாடகையைக் கட்டாமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பது சென்னையில் சர்வசாதாரணம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் தாராளமாகச் செய்யலாம். உண்மையில் அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அவர் சம்மதிக்காதபோது நீங்களாக நிறுத்தினால், பணம் வர வேண்டியவராக இருந்த நீங்கள் பாக்கிக்காரராகிவிடுவீர்கள்.

5. சாவி கொடுக்கும் நாள்

பாதிப் பணம் இந்த ஒரு மணி நேரத்தில்தான் காப்பாற்றப்படுகிறது. சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, காலி வீட்டில், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். முடிந்தால் சாமான் ஏற்றும் நாளுக்கு மறுநாள் சாவியைக் கொடுங்கள். ஹாரன் சத்தம் இருக்காது.

வாசல் கதவிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், தரை, கூரை. குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டுங்கள். ஸ்விட்சைப் போட்டு விளக்கு எரிவதைக் காட்டுங்கள். கீசர் இருந்தால் சூடாகும் வரை பொறுத்திருந்து, வாளியில் விழும் தண்ணீரில் ஆவி பறப்பதைப் படம் பிடியுங்கள். எனக்கு இது தோன்றவில்லை. 6,000 ரூபாய் கேட்டபோதுதான் தோன்றியது.

அடுத்து கரண்ட் மீட்டர். ரீடிங் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம். வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுவதால், நீங்கள் நடுவில் காலி செய்வீர்கள். அந்த இடைவெளியில்தான் "தோராயமாக 2,000" என்ற எண் பிறக்கிறது. மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டால் பிறகு வரும் பில்லை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். என் விஷயத்தில் என் பங்கு 640 ரூபாய்தான்.

பிறகு வீட்டுக்காரரை உடன் அழைத்துச் சுற்றுங்கள். என் வீட்டுக்காரர் கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணித் துளையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, உதிர்ந்த சுண்ணாம்பை உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் காட்டினார். அந்தத் துளை நான் குடிவந்தபோதே இருந்தது. நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆகவே புது வீட்டுக்குப் போன முதல் நாளே, பெட்டியைப் பிரிக்கும் முன், இதே வீடியோவை அங்கே எடுத்து அந்த வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

சாவியைக் கொடுத்ததும், அங்கேயே நின்று ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று மாலை 4 மணிக்கு மூன்று சாவிகளையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டோம்." அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டால்கூடப் போதும்.

இந்த நாளில் செய்யவே கூடாத ஒன்று: "கணக்கு முழுவதும் தீர்ந்தது, பாக்கி இல்லை" என்ற சீட்டில் கையெழுத்து. குறைத்துக் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. "பகுதித் தொகையாக 63,500 பெற்றுக்கொண்டேன், மீதி நிலுவையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

6. கழித்ததற்கு வரி வரியாகக் கணக்குக் கேளுங்கள்

"ஏன் இவ்வளவு கழித்தீர்கள்?" என்று கேட்டால் சண்டை வரும். "எதெதற்கு எவ்வளவு என்று பில்லோடு அனுப்புங்கள்" என்று கேட்டால் கணக்கு வரும், அல்லது மௌனம் வரும். இரண்டும் உங்களுக்கு நல்லது. மொத்தத் தொகையைப் பற்றிப் பேரம் பேசத் தொடங்கிவிட்டால், நடுவில் ஒரு எண்ணில் முடிப்பார்கள். அந்த நடு எண்ணில் நீங்கள் தர வேண்டியிராத பணமும் இருக்கும்.

பட்டியல் வந்ததும் ஒவ்வொரு வரியையும் தனியாக எடுங்கள். இங்கே உங்களுக்குத் துணை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. பராமரிப்பில் எது யார் பொறுப்பு என்று அதில் பிரித்து எழுதியிருக்கிறது.

பெயிண்ட்: சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளர் பக்கத்தில் இருக்கின்றன. "காலி செய்தால் ஒரு மாத வாடகை பெயிண்டுக்கு" என்ற வழக்கம் ஊரெல்லாம் இருக்கலாம். அட்டவணை அதற்கு எதிராக நிற்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் பெயிண்ட் செலவை ஏற்பதாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் வாதம் பலவீனப்படும். அப்போதும், பூசினாரா, பூசியதற்கு ரசீது எங்கே என்று கேட்கலாம். பழைய சுவரை அப்படியே வைத்து அடுத்த ஆளுக்கு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுவர் நிறம் மங்குவது, சாமான் வைத்த இடத்தில் தடம் தெரிவது, கதவுக் கீல் கிறீச்சிடுவது எல்லாம் சாதாரணத் தேய்மானம். ஒப்படைக்கும்போது வீடு பழைய நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், தேய்மானத்தை விலக்கிவிட்டுத்தான் சொல்கிறது. குழந்தை சுவரெல்லாம் கிரேயானில் வரைந்திருந்தால் அது தேய்மானம் அல்ல. ஒப்புக்கொள்ளுங்கள்.

குழாய்ப் பைப்பை மாற்றுவது, வீட்டின் வயரிங், கட்டட அமைப்பு சார்ந்த பழுது ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. நீங்கள் உடைத்திருந்தால் தவிர.

இனி கசப்பான பகுதி. குழாய் வாஷர், குழாய், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், கழிப்பறை மற்றும் வாஷ்பேசின் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இவையெல்லாம் வாடகைதாரர் பக்கத்தில் இருக்கின்றன. கீசர் பழுதும்தான். இதைப் படித்தபோதுதான் என் வாதத்தின் ஒரு கால் ஒடிந்தது. ஆனால் பழுது பார்ப்பது வேறு, புது கீசர் வாங்குவது வேறு. மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னால், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்தான் போயிருக்கிறது, மாற்ற 850 ரூபாய் என்றார். 850ஐ ஒப்புக்கொண்டேன், மீதி 5,150ஐக் கேட்டேன்.

சுத்தம் செய்த செலவு பற்றி அட்டவணையில் தேட வேண்டாம். பெருக்கித் துடைத்துக் கொடுத்ததை உங்கள் வீடியோ காட்டும்.

நீங்கள் தர வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டு எழுதுவது பலவீனம் என்று நினைக்காதீர்கள். 1,490 ரூபாயை நானாகவே ஒப்புக்கொண்டதுதான், பிறகு மற்றவர்கள் முன்னால் என் கணக்கை நம்ப வைத்தது.

7. கடிதம் எழுதுங்கள்

ஒரு மாதம் முடிந்த மறுநாள், வீட்டுக்காரரின் முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதையும், சேர்ந்துவிட்டது என்று காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும் பத்திரப்படுத்துங்கள். இதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. முதல் கடிதமே வழக்கறிஞரிடமிருந்து போனால் சிலர் முறுக்கிக்கொள்வார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என் கடிதத்தின் நடுப்பகுதி இது:

"ஐயா, தங்கள் வீட்டை ஜூன் 2ஆம் தேதி காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். அட்வான்ஸ் தொகை 90,000 ரூபாயில் 63,500 பெற்றுக்கொண்டேன். தாங்கள் கழித்த 26,500இல் கீசர் பழுதுக்கு 850, மின்கட்டணம் 640, ஆக 1,490 ரூபாயை ஏற்கிறேன். மீதி 25,010 ரூபாயைத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். தவறினால் இக்கடிதத் தேதியிலிருந்து வட்டியும் கோருவேன்."

வட்டி வரி வெறும் மிரட்டல் அல்ல. 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின்படி, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் அறிவித்த தேதியிலிருந்து நீதிமன்றம் வட்டி தர முடியும். அறிவிக்கவில்லையென்றால் அந்தக் காலத்தை இழக்கலாம்.

கோபத்தை எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பின்னால் ஒரு நீதிபதி படிக்கக்கூடும்.

காவல் நிலையத்துக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில் எல்லோரும் செய்யும் தவறு. "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அதை வீட்டுக்காரர் தன் வெற்றியாக எடுத்துக்கொள்வார். மிரட்டினாலோ, உங்கள் சாமானைப் பூட்டி வைத்தாலோ மட்டும் அங்கே போங்கள்.

8. நீதிமன்றத்துக்கு முன் ஓர் இடம்

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், வட்டங்களில் வட்ட அளவிலான குழு. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தின் வழியாகச் சமரசம் கேட்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே எழுதப்படும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; மேல்முறையீடு இல்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். தேசிய சட்ட உதவி எண் 15100.

இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய்த் தகராறுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். வீட்டுக்காரர்கள் பலர், அங்கிருந்து அழைப்புக் கடிதம் போனதுமே போன் செய்துவிடுகிறார்கள். ஆனால் சமரசத்துக்கு இருவரும் வர வேண்டும். அவர் வரவே மறுத்தால் அடுத்த படி.

9. வாடகை நீதிமன்றம்

2017 சட்டம் வாடகைத் தகராறுகளுக்குத் தனியாக வாடகை நீதிமன்றத்தையும், அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயத்தையும் வைத்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, அங்கே மனுவா, சாதாரணப் பண வசூல் வழக்கா என்பது மாறும். இந்த ஒரு கேள்விக்காகவாவது வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். போகும்போது காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்கச் சுருக்கத்தை மேலே வைத்துக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

பண வசூலுக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு. "அடுத்த தீபாவளிக்குத் தருகிறேன்" என்ற பேச்சை நம்பிக்கொண்டே மூன்று தீபாவளியைக் கடத்திவிடாதீர்கள்.

போவதா வேண்டாமா என்பதைக் கோபத்தை வைத்து முடிவு செய்யாமல், வழக்கறிஞர் கட்டணம், விடுப்பு எடுக்கும் நாட்கள், வெளியூர் போய்விட்டால் வந்துபோகும் செலவு ஆகியவற்றை மீதித் தொகைக்கு எதிரே எழுதிப் பாருங்கள். நான் 25,010 கேட்டு, 22,000க்கு ஒப்புக்கொண்டேன். என் மனைவிக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான்.

10. பணம் வந்த பிறகுதான் கையெழுத்து

சமரசத் தொகை உங்கள் கணக்கில் ஏறிய பிறகு "கணக்குத் தீர்ந்தது" என்று எழுதிக்கொடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

காசோலை கொடுத்தால் வாங்கலாம். ஆனால் ரசீதில் "காசோலை பணமான பின் செல்லும்" என்ற வரியைச் சேருங்கள். மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். பணமில்லை என்று திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றவியல் புகார் கொடுக்கலாம். அதுவரை சிவில் விவகாரமாக இருந்தது, அந்தக் காசோலையால் வேறு இடத்துக்குப் போய்விடும். வீட்டுக்காரருக்கும் இது தெரியும் என்பதால், காசோலையாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாலே சிலர் யூபிஐயில் அனுப்பிவிடுகிறார்கள்.